ஆம்பூரில் வாலிப மூப்பரோடு ஏழு நாள்

ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டதுதான். கொழும்புத் துறைமுகத்தில் கருவாட்டு மூட்டைகளுக்கு நடுவே பதினெட்டு வருஷம் தச்சுவேலை செய்தவன் நான். நாற்றம் எனக்குப் புதிதல்ல. இது வேறு. சுண்ணாம்பும் பச்சைத் தோலும் ஊறிய பட்டையும் ஒன்றாகச் சேர்ந்து தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது. என்னை அழைத்துப்போக வந்திருந்த மைத்துனன் தேவசகாயம் சிரித்தான்.

"ரெண்டு நாள் பேஜாரா இருக்கும் மாமா. மூணா நாள் இந்த வாசனை இல்லன்னா சோறு எறங்காது."

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு வருஷத்துக்கு முன் என் மனைவி எஸ்தர் தலைப்பிரசவத்துக்கு இந்த ஊருக்கு, தாய்வீட்டுக்கு, வந்தாள். ஆண் குழந்தை பிறந்தது. மூன்றாம் நாள் காலையில் இறந்துபோயிற்று. போதகர் அந்த வாரம் கிராமத்துச் சபைகளைப் பார்க்கப் போயிருந்ததால் ஞானஸ்நானம் ஆகவில்லை. எங்களில் ஞானஸ்நானத்தில்தான் பெயர் வைப்பது; ஆகவே பெயரும் இல்லை. ஞானஸ்நானம் பெறாத பிள்ளையைக் கல்லறைத் தோட்டத்துக்குள் வைக்கக் கூடாது என்பது சபையின் ஒழுங்கு. சுவருக்கு வெளியே ஒரு வேப்பமரத்தடியில் வைத்தார்கள். நான் அப்போது கொழும்பில் தந்தியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பிள்ளையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

இப்போது அந்த மரத்தடி நிலத்தைப் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிக்காரர் வாங்கிவிட்டார், சுண்ணாம்புத் தொட்டி கட்டப்போகிறார்கள் என்று தேவசகாயம் எழுதியிருந்தான். அதே டேனரியில் அவன் மேஸ்திரி. நான் புறப்படும்போது எஸ்தர் சொன்னது ஒன்றுதான். "அவனை உள்ள கொண்டுபோய் வச்சுட்டு வாங்க."

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குள் காலெடுத்து வைத்தேன். எனக்கென்று சொன்ன அறையில் ஒரு வெள்ளைக்காரப் பையன் கறுப்புக் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக முழங்காலில் நின்று ஜெபம் செய்துகொண்டிருந்தான். இருபத்தொரு வயதுக்கு மேல் இராது. ஜெபம் முடித்து எழுந்து வந்து கை கொடுத்தான்.

"ஐயா, தங்கள் வருகை எங்களுக்கு மகிழ்ச்சி அளிக்கிறது. நான் மூப்பர் ஆல்வின்."

எங்கள் சபையில் மூப்பர் என்றால் நரைத்த மீசையும் வெள்ளி பிடித்த கைத்தடியும் இருக்கும். மீசையே சரியாக முளைக்காத இந்த மூப்பரைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரவில்லை, திகைப்புத்தான் வந்தது. இவர்களை மார்மன்கள் என்பார்களாம். வீட்டுக்கு வீடு போய்த் தங்கள் வேதத்தைச் சொல்வது இவர்கள் ஊழியம். இரண்டிரண்டு பேராகத்தான் போவார்கள். இவருடைய துணை ஊழியர் பத்து நாளைக்கு முன் கடைத்தெருவில் காய்ச்சலில் சுருண்டு விழுந்திருக்கிறார். தேவசகாயம்தான் அவரைத் தூக்கி ரயிலேற்றி வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அன்று முதல் மிச்சமிருந்த மூப்பர் இந்த வீட்டில்.

"தனியா வெளிய போவக்கூடாதாம் மாமா, அவங்க ஒழுங்கு. பத்து நாளா வீட்லயே அடைஞ்சு கெடக்கறாரு. நீங்க கூடப் போய்ட்டு வந்தா புண்ணியமாப் போவும்."

தாத்தா காலம் முதல் ஒரே சபையில் இருக்கிற குடும்பம் எங்களுடையது. வேறொரு சபையின் ஊழியத்துக்கு நான் துணை ஆளா? முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அந்தப் பையன் தன் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி நின்றார். காரியத்துக்காகப் போதகரைப் பார்க்கப் போகவேண்டியது வெள்ளிக்கிழமைதான். அதுவரை எனக்கும் வேலை இல்லை. சரி என்றேன். கூட நடப்பேன், பேசமாட்டேன் என்றேன்.

புதன்கிழமை கிழக்கு வெளுக்குமுன் எழுந்தார். கிணற்றில் தானே இறைத்துக் குளித்தார். தன் துணியைத் தானே துவைத்தார். ஒரு மணி நேரம் படித்தார். பிறகு உட்கார்ந்து சப்பாத்தை மினுக்கினார். கொழும்பில் எங்கள் துரைக்குச் சப்பாத்து மாட்ட ஓர் ஆள், கழற்ற ஓர் ஆள். தேவசகாயத்தின் மனைவி சாலம்மா அடுப்படியிலிருந்து என்னிடம் குறைபட்டுக்கொண்டாள்.

"காப்பி வேணாங்கறாரு. டீ வேணாங்கறாரு. வெத்தல, சுருட்டு எதுவும் தொடறதில்ல. வெறும் தண்ணி. வந்த ஆளுக்கு இன்னாதான் குடுக்கறது அண்ணா? நேத்து வெளக்கமாத்தப் புடுங்கி வாசலக் கூட்டறாரு. தெருவுல எம் மொகத்தக் காட்ட முடியல."

காலை ஆகாரம் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். இடியாப்பமும் சம்பலும் பழகிய வாய் எனக்கு. களியை மென்று மென்று தாடை வலித்தது. மூப்பர் என்னைப் பார்த்து, "மெல்லலாகாது ஐயா, விழுங்க வேண்டும்" என்று விழுங்கிக் காட்டினார். உப்பு ஏரி ஒன்றின் பக்கத்துப் பள்ளத்தாக்கிலிருந்து வந்தவர் எனக்குக் களி தின்னக் கற்றுக்கொடுத்தார்.

அன்று பதினேழு வாசல் ஏறினோம். ஒவ்வொரு வாசலிலும் தொப்பியைக் கழற்றி, "நாங்கள் ஒரு நற்செய்தியைக் கொண்டுவந்திருக்கிறோம்" என்பார். நாங்கள் என்று அவர் சொல்லும்போதெல்லாம் பார்க்கிறவர்கள் பார்வை என்மேல் விழும். நான் கூரையைப் பார்ப்பேன். சில வீட்டில் கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் ஓர் அம்மாள் பாத்திரம் கழுவிய தண்ணீரை எங்கள் காலடியில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள். அவர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த வாசல் ஏறினார். எனக்கு முகம் எரிந்தது. எங்கள் போதகருக்கு இப்படி ஒரு நாள் நடந்திருந்தால் ஊரே திரண்டிருக்கும்.

தோல் பதனிட உதவும் ஆவாரம்பட்டை மண்டி வாசலில் கூலியாட்கள் பட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். அங்கே மட்டும் உட்காரச் சொன்னார்கள்.

"தொரைக்குச் சம்பளம் எவ்ளோ?"

"சம்பளம் இல்லை. என் தந்தையார் தம் செம்மறிகளை விற்று என்னை அனுப்பியிருக்கிறார்."

"எத்தினி வருஷத்துக்கு?"

"மூன்று வருஷம்."

"கண்ணாலம்?"

"திரும்பிச் சென்ற பின்."

உலக்கையைச் சாய்த்துவிட்டு ஒருவர் தீர்ப்புச் சொன்னார். "அப்ப ஊர்ல இன்னாமோ தப்பு பண்ணிட்டாருயா. பெத்தவனே ஆட்ட வித்து நாடு கடத்திட்டான்."

அர்த்தத்தை நான் மெதுவாகச் சொன்னதும் மூப்பர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இதை வீட்டுக்கு எழுதப்போகிறேன் என்றார். வாரம் தவறாமல் தாயாருக்குக் கடிதம் எழுதுகிறவர் அவர்.

சாயங்காலம் தேவசகாயத்தைப் பார்க்க டேனரிக்குள் போனோம். சுண்ணாம்புத் தொட்டியில் ஆட்கள் தொடையளவு நின்று தோல்களைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். சாய்வாக நிறுத்திய ஒரு மரக்கட்டையின் மேல் தோலைப் போட்டு, இரண்டு பக்கமும் பிடியுள்ள கத்தியால் ஒருவர் சதையை வழித்துக்கொண்டிருந்தார். மூப்பர் கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். கத்தியைக் கேட்டு வாங்கினார். ஒரே இழுப்பில் மார்புப் பக்கத்துச் சதையைத் தோல் கிழியாமல் எடுத்தார். ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். வெள்ளைக்காரன் பச்சைத் தோலைத் தொட்டதை அவர்களும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

"தொரை, நீங்க இன்னா ஜாதி?" என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார்.

"ஆடு மேய்க்கிறவர்கள்" என்றார் மூப்பர், கத்தியைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை வேலூருக்கு மோட்டார் பஸ். கூரைமேல் ஈரத்தோல் கட்டுகளை ஏற்றியிருந்தார்கள். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த மூப்பரின் தொப்பியில் உப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே வந்தது. கொழும்பில் டிராம் வண்டியில் துணி கசங்காமல் போய் வருகிற எனக்கு எழுந்து இறங்கிவிடலாமா என்றிருந்தது. பள்ளிகொண்டாவுக்கு முன் வண்டி புகை விட்டு நின்றது. பாலாற்றில் கண்ணுக்கெட்டிய வரை மணல்தான். எங்கள் களனி ஆறு வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு. இத்தனை அகல ஆற்றில் ஒரு கை தண்ணீர் இல்லை. டிரைவர் வண்டிக்குத் தண்ணீர் கேட்டுக்கொண்டே வந்தான். எல்லாரும் கூஜாவை மடிக்குள் மறைத்தார்கள். மூப்பர் தன்னுடையதை முழுவதும் கொடுத்துவிட்டார்.

வண்டி ஆறுகிற நேரத்தில் ஒரு புளியமரத்தடியில் நின்றோம். கேள்விப்பட்டதை அவரிடமே கேட்டுவிடலாம் என்று கேட்டேன். உங்கள் ஜனங்களுக்குள் பல மனைவி உண்டாமே?

"என் பாட்டனாருக்கு மூன்று மனைவியர் ஐயா. நான் மூன்றாம் பாட்டியின் வழி. அந்த வழக்கம் இப்போது எங்களுக்குள் விலக்கப்பட்டிருக்கிறது."

ஒளிக்காமல், தலை குனியாமல் சொன்னார். நான் ஓரடி தள்ளி நின்றேன். பக்கத்தில் பீடி பிடித்துக்கொண்டிருந்த ஒரு சாயபு சமாதானம் சொன்னார். "நாலு வரைக்கும் பரவால்ல பாய். இவங்க தாத்தா ஒண்ணு கம்மியாத்தான் கட்டிக்கினாரு."

அதைவிடப் பெரிய இடி பிறகு விழுந்தது. மூப்பர் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினார். அவர் வம்சத்தில் செத்துப்போனவர்களின் பெயர்கள், ஆறேழு தலைமுறைக்கு. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தவர்களுக்காக உயிரோடிருக்கிற ஒருவர் அவர்கள் பெயரால் தண்ணீரில் முழுகி எழலாமாம். அதற்கென்று அவர்கள் தேவாலயத்தில் தொட்டியே இருக்கிறதாம். செத்தவருக்கு ஞானஸ்நானம் என்று நான் என் வாழ்நாளில் கேட்டதில்லை. காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது. பொத்தவில்லை. மீதி வழி முழுவதும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். மரத்தடியில் கிடக்கிற என் பிள்ளையைத் தவிர வேறொன்றும் மனசில் இல்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய துணை ஊழியர் எலும்பும் தோலுமாகப் படுத்திருந்தார். மூப்பர் அவருக்கு முகம் மழித்துவிட்டு, நகம் வெட்டிவிட்டு, இருவருமாகத் தணிந்த குரலில் ஒரு பாட்டுப் பாடினார்கள். ஆம்பூர்ப் பக்கத்துப் பெண்தான் நர்ஸ். "அடுத்த வாரம் எழுந்து நடந்துடுவாரு" என்றாள். மூப்பர் வெளியே வந்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்தொரு வயது என்பது அப்போதுதான் எனக்கு நன்றாகத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை போதகரைப் பார்த்தேன். வயதானவர், தங்கமான மனிதர். சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு எழுந்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"தம்பி, ஆபத்து வேளையில் வீட்டு ஜனம் யாராவது பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் தண்ணீர் தெளித்தால், அது செல்லும். உங்க மாமியார் பக்தியுள்ள அம்மா. தெளிச்சிருப்பாங்களே? ஞாயிற்றுக்கிழமை கமிட்டி கூடும்போது நீங்க அப்படிச் சொன்னாப் போதும். நான் பதிவேட்டில் எழுதி, உள்ளே அடக்கம் செய்து கொடுப்பேன்."

அவர் கண்ணை என்னால் பார்க்க முடியவில்லை. மாமியார் தெளிக்கவில்லை. பிள்ளைக்கு மூச்சுத் திணறின நேரத்தில் அவர் வைத்தியரைக் கூப்பிட ஓடியிருந்தார், திரும்பி வருமுன் முடிந்துவிட்டது என்று எஸ்தர் பலமுறை சொல்லியிருக்கிறாள். மாமியாரும் இப்போது உயிரோடில்லை. பொய் சொன்னால் மறுக்க ஆளில்லை.

"சொல்லிடுங்க மாமா" என்றான் தேவசகாயம். "எங்கம்மா மேலதான சொல்றோம்? அவங்க ஒண்ணும் கோச்சுக்க மாட்டாங்க. நானும் ஆமான்றேன்."

அன்று தெருவில் ஒரு சாயபு வீட்டு விசேஷத்திலிருந்து பிரியாணி வந்தது. சீரகச் சம்பா அரிசி, கூடவே புளிப்பாய்க் கத்தரிக்காய். ஆம்பூர் பிரியாணியைப் பற்றி எஸ்தர் சொல்லக் கேட்டுக் கொழும்பில் நான் எத்தனையோ பேரிடம் பெருமை பேசியிருக்கிறேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

சனிக்கிழமை விடியற்காலை மூப்பர் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிள்ளையின் கதை முழுவதையும் சொன்னேன். பிறகு, நான் இப்படியொரு வார்த்தையைச் சொல்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை, சொன்னேன்: "உங்கள் நோட்டில் என் மகனையும் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் தொட்டியில் யாரையாவது அவனுக்காக முழுகச் சொல்லுங்கள். பெயர் இல்லை. ஒரு பெயர் இப்போதே வைத்துத் தருகிறேன்."

ஈரத்துணியைக் கல்லின்மேல் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எழுதலாகாது ஐயா."

உங்கள் சபையில் நான் சேரவில்லை என்பதாலா என்று கேட்டேன்.

"அப்படியல்ல. எட்டு வயதுக்குள் மரித்த பிள்ளைக்கு ஞானஸ்நானம் தேவையில்லை என்பது எங்கள் போதனை. அவனிடத்தில் கழுவ ஒன்றும் இல்லை. அவன் தேவனிடத்தில் இருக்கிறான். சுவருக்கு உள்ளே என்றாலும் வெளியே என்றாலும் அவனுக்கு ஒன்றுதான்."

ஒரு பெயர் அவருக்குக் கிடைத்திருக்கும். எட்டு மாதம் வாசல் வாசலாய் ஏறி இறங்கி ஒரு ஆளைக்கூடச் சேர்க்க முடியாதவர். நான் கையை நீட்டிக்கொண்டு வந்தபோது வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் துணியைப் பிழிந்தார். நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். சாலம்மா வந்து, "இன்னா அண்ணா, தலைசுத்துதா?" என்று கேட்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

அவர்கள் போதனையை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. இன்றும் நான் என் சபையான்தான். ஆனால் அந்தப் பையன் பொய் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு உபவாச நாள். நான் கோயிலுக்குப் புறப்படும்போது அவர் அறையில் ஒற்றை ஆளாய் ஒரு துண்டு ரொட்டியைப் பிட்டு, திராட்சரசம் இல்லாமல் பித்தளைத் தம்ளரில் தண்ணீரை வைத்து, இராப்போஜனம் எடுத்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டு என் கால் வாசற்படியில் தடுக்கியது.

ஆராதனை முடிந்து கமிட்டி கூடியது. மூன்று மூப்பர்மார், நரைத்த மீசைக்காரர்கள். போதகர் என்னைப் பார்த்து நிதானமாகக் கேட்டார். "பிள்ளைக்கு அந்த நேரத்தில் யாராவது தண்ணீர் தெளித்தார்களா?"

தேவசகாயம் என் முழங்கையைத் தொட்டான்.

"இல்லை ஐயா" என்றேன். "யாரும் தெளிக்கவில்லை."

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று மூப்பர்மார் சொன்னார்கள். வரும் வழியில் தேவசகாயம் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தான். வீட்டு வாசலுக்கு வந்ததும் திரும்பிக் கேட்டான். "அக்காவுக்கு இன்னா சொல்லப்போறீங்க?"

திங்கட்கிழமை காலை மரத்தடிக்குப் போனோம். முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். தொட்டியின் ஒரு மூலை வேப்பமரத்தின் வேர்மேல் விழுந்தது. டேனரி முதலாளி காதர் சாயபு குடையோடு நின்றிருந்தார். அதுவரை அவரிடம் கேட்கத் தைரியமில்லாதிருந்த தேவசகாயம் அன்று தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்லிவிட்டான்.

"ஏன்யா, இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?" என்று சாயபு அவன்மேல் பாய்ந்தார். "கொழந்த கெடக்கற எடத்துல சுண்ணாம்பு ஊத்துவனா நானு? கயித்தத் தள்ளிக் கட்டு."

ஆட்கள் வருமுன் மூப்பர் ஆல்வினே முளையைப் பிடுங்கிக்கொண்டு எட்டடி தள்ளிப்போய் அடித்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு சற்றுத் தூரத்தில் நின்றார். ஜெபம் செய்யட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நான் முழங்காலில் நின்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அன்று மத்தியானம் ஸ்டேஷனில், "என் துணையாய் நடந்தீர்கள் ஐயா" என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு பிரிந்தோம்.

கொழும்பில் மழை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். எஸ்தர் எனக்குத் தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"உள்ள வச்சாச்சா?"

இல்லை என்றேன். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். போதகர் காட்டிய வழி, நான் சொன்ன பதில், எல்லாம். அவள் கெண்டியைக் கீழே வைத்துவிட்டாள். பையன் சொன்னதையும் சொன்னேன். எட்டு வயசுக்குள்ள போன பிள்ளைக்குத் தண்ணியும் தேவையில்லை, சுவரும் தேவையில்லை என்று.

"அப்ப என்னால இல்லையா?" என்றாள்.

எது என்றேன்.

"நான் தெளிச்சேன். அம்மா வைத்தியரக் கூப்பிட ஓடினாங்க இல்ல, அப்ப. சொம்புல இருந்த தண்ணிய எடுத்து, மூணு நாமமும் சொல்லித் தெளிச்சேன். பிள்ளை பெத்தவ நாப்பது நாள் வேதத்தையே தொடக்கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்க. தீட்டுக்கையால தொட்டேன். கொஞ்ச நேரத்துல மூச்சு நின்னுபோச்சு. நான் தொட்டுத்தான் போய்ட்டான்னு இருந்துட்டேன்."

பதினோரு வருஷம் ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோம். எனக்குத் தெரியாது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியவில்லை. யாரும் தெளிக்கவில்லை என்று சபைக்கு முன் சொன்னேனே, அது பொய்யாகிவிட்டது என்ற நினைப்பு மெதுவாகத்தான் வந்தது.

அன்றே போதகருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தங்கள் முன் அறியாமல் தவறாகச் சொன்னேன், பிள்ளையின் தாயே ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறாள், பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டியது என்று எழுதிக்கொண்டு வந்தேன். பெயர் எழுத வேண்டிய இடம் வந்தது. பேனாவை நிறுத்தி, தெளிக்கும்போது பெயர் ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன்.

"யோனத்தான்" என்றாள்.

அத்தனை வருஷமும் அவள் ஒருத்தி மட்டும் மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டிருந்த பெயரை நான் முதல்முறையாக எழுதினேன்.